புரட்டாசி வெயிலும் மாடிச் சாடிகளும்

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் படங்களைக் கைத்தொலைபேசியில் நமக்குக் காட்டாத குடும்பம் ஜிந்துப்பிட்டியில் மிகக் குறைவு. செப்டெம்பர் பிற்பகுதியிலும் ஒக்டோபரிலும் வரும் படங்களில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். குளிர் தொடங்குமுன் கிடைக்கும் அந்த இளவெயிலை அனுபவிக்க எல்லோரும் வீட்டுத் தோட்டத்தில் கதிரை போட்டு அமர்ந்திருப்பர். "அங்கை தோட்டத்துக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கினம், அணிலெல்லாம் பக்கத்திலை வருதாம். இஞ்சை என்ன இருக்கு சுவாமி? நாலு சுவரும் காகமும்தான்" என்று ஓர் அம்மா எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் வளவும் கிணறும் வைத்து வாழ்ந்தவர். இன்று இரண்டு அறைகளுக்குள் ஆறு பேருடன் இருக்கிறார். அவருடைய குறை நியாயமானதே. ஆயினும் காகம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் நாம் அவரோடு உடன்படவில்லை. அதே மாதங்களில் எமது மாடிகளுக்கும் ஒரு நல்ல காலம் வருகின்றது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

எமது தீவில் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசங்கூடக் கிடையாது. இங்கு காலத்தைப் பிரிப்பது குளிரல்ல, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடையில் வரும் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது பருவ இடைக்காலம் என வானிலையாளரால் அழைக்கப்படுகின்றன. செப்டெம்பர் முதல் வாரத்தில் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேரே வந்து, பின் தெற்கு நோக்கி நகர்கின்றது. மாதக் கடைசியில் காற்றும் தளர்ந்துவிடும். எனவே காலையில் தெளிந்த வெயிலும், மதியத்துக்குப் பின் முகிற் கூட்டமும், மாலையில் இடியுடன் மழையும் வருவது வழக்கமாகின்றது. இந்த நாட்களில் மாடிக்கு ஏற உகந்த நேரம் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரமே.

இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை வாசகர்களிற் பலருக்கு இல்லை என்பதை அறிவோம். சோளகம் ஓய்ந்து கொண்டல் தலைகாட்டும் நாட்கள் என்றால் போதும். காலபோக நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த நாட்கள் அவை. பனம்பாத்தி போட்ட நாட்களும் அவையே.

அந்த நாட்களில் ஜிந்துப்பிட்டி மாடியொன்றில் என்ன காணலாம்? முதலில் மின்கம்பிகளைப் பாருங்கள். பிளவுபட்ட வாலுடன் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான் குருவிகள். வடக்கே குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் இங்கு வருபவை. தொலைக்காட்சி அன்ரெனாவில் தனியே இருந்து கரகரத்த குரலில் ஏசுவதுபோலக் கத்துவது பழுப்புக் கீச்சான். அது சைபீரியப் பக்கத்திலிருந்து வருவது. பச்சை உடலும் நீல வாலுமாக உயரத்தில் வட்டமிட்டுப் பூச்சி பிடிப்பது பஞ்சுருட்டான். தும்பிகளும் கூட்டமாகப் பறக்கும். அவற்றில் ஒரு சிறு மஞ்சள் தும்பி இனம் ஒக்டோபர்க் காற்றோடு இந்தியாவிலிருந்து மாலைதீவுக்கு வந்து, கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை செல்கின்றது என்று சார்ள்ஸ் அன்டர்சன் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். நல்ல தண்ணீர் தேங்காத மாலைதீவில் இத்தனை தும்பிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியே அவரை அந்த ஆய்வுக்கு இட்டுச் சென்றது.

எல்லாவற்றிலும் அருமையான விருந்தாளி ஆறுமணிக்குருவி. சிங்கள மக்கள் இதை அவிச்சியா என்பர். மைனாவிலும் சிறியது, குட்டை வால், பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணின் மேல் கறுப்புப் பட்டை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு தொனியில் சீழ்க்கை அடிப்பதால் இப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் இங்கு வந்து சேரும். ஏப்ரலளவில் திரும்பிவிடும். இரவில் பறந்து வருவதால் களைத்து, நகர வெளிச்சத்தில் திசை தவறி, வீட்டு விறாந்தையிலும் மாடிப்படியிலும் விழுந்து கிடப்பதுண்டு. பிள்ளைகள் அதைக் கூட்டில் அடைத்து வளர்க்க ஆசைப்படுவர். கூட்டில் அது பிழைப்பது அரிது. துளையிட்ட அட்டைப் பெட்டியொன்றில் வைத்து, காகமும் பூனையும் எட்டாத இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சோறும் பாணும் கொடுக்க வேண்டாம். அது நிலத்துச் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் பறவை. தெளிந்ததும் பொழுதுபடும் நேரத்தில் மரங்கள் உள்ள இடமொன்றில் விடுங்கள். விகாரமகாதேவி பூங்கா தூரமில்லை.

இனிச் சாடிகளுக்கு வருவோம். மாடியில் பெயின்ற் வாளி ஐந்து இருந்தால் போதும். ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, ஒரு செவ்வரத்தை, மற்ற இரண்டில் கீரையும் மிளகாயும். மண்ணின் பாரத்தைக் குறைக்கத் தும்புத்தூள் பாதி கலக்கலாம். செவ்வரத்தை பூத்தால் தேன்சிட்டு வரும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும்.

இங்கே நாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பக் கூட்டமொன்றில், கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் உடனே மருந்தடியுங்கள் என்று நாமே சொன்னோம். கமக்காரருக்கு அது கேட்டுப் பழகிய புத்திமதி. ஆயிரம் கன்று நட்ட தோட்டத்தில் அதற்குக் காரணம் உண்டு. ஐந்து சாடிக்கு அது வேண்டாத செலவு, வேண்டாத நஞ்சு. அப்புழு மயிர்க்கொட்டி அல்ல, உடலில் சுணை இல்லை. சிறிதாக இருக்கையில் பறவை எச்சம்போலத் தோன்றி எதிரியை ஏமாற்றும். வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கொம்பொன்றை நீட்டி ஒரு மணத்தை வெளிவிடும். மூன்று நான்கு கிழமைகளில் கூட்டுப்புழுவாகி, கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துவிடும். கன்று சிறிதானால் இரண்டு புழுக்களை விட்டு, மிகுதியைக் கையால் எடுத்து வேறு கன்றில் விடலாம். தின்ற இடத்தில் கறிவேப்பிலை மீண்டும் தளிர்க்கும். மருந்தடித்தால் தேன்சிட்டும் வராது போகும். தேனுண்ணும் அப்பறவை தன் குஞ்சுகளை வளர்ப்பது பூச்சியையும் சிலந்தியையும் கொடுத்துத்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பீடிக்கப்பட்டனர். சாடியின் கீழுள்ள தட்டில் தேங்கும் கையளவு தண்ணீர் நுளம்புக்குப் போதும். தட்டை எடுத்துவிடுங்கள். குருவிக்கு வைக்கும் தண்ணீரைத் தினமும் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

முருகன் கோவில் கோபுரம் தெரியும் மாடியொன்றில் இப்படி எட்டுச் சாடி வைத்திருக்கும் ஒரு பெரியவரை நாம் இடையிடையே சந்திப்பதுண்டு. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெங்காய அறுவடையை விட்டுவிட்டு வெளியேறியவர். அப்பகுதிக் காணிகள் 2009க்குப் பின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. அவருடையது இன்னும் இல்லை. காலையில் பேரனை மேலே கூட்டிச் சென்று, எந்தப் பக்கத்துக் காற்று, முகில் எங்கே ஏறுகிறது, கம்பியில் குருவி வந்துவிட்டதா என்று கேட்பார். பேரன் கொழும்பில் பிறந்தவன். வயலைப் படத்தில்தான் கண்டிருக்கிறான்.

"காணி ஒருநாள் கையிலை வந்தாலும், எப்ப விதைக்கிறதெண்டு இவனுக்கு ஆர் சொல்லுறது சுவாமி? கடுதாசியிலை எழுதிக் குடுக்கேலாது. பார்த்துப் பழகவேணும்" என்றார்.

மாடியில் குருவி பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்றே நாம் அதுவரை எண்ணியிருந்தோம். பொழுதுபோக்காக இருந்தாலும் குறையில்லை. புழுக்கமான அறையிலிருந்து ஏறி, காலை வெயிலில் அரை மணித்தியாலம் இருந்து தேநீர் குடிப்பது தனியொரு சுகம். அதற்குக் கனடாவுக்குப் போகவேண்டியதில்லை.

அவ்வீட்டு நாட்காட்டியில் பேரனின் கையெழுத்தில் மூன்று குறிப்புகள் இருந்தன: தகைவிலான் வந்த நாள், முதல் இடி கேட்ட நாள், ஆறுமணிக்குருவி கூவிய நாள். வாசகர்களும் இவ்வாறு குறித்து வைக்கலாம். ஆறுமணிக்குருவியை முதலிற் கேட்ட திகதியையும் இடத்தையும் எமக்கு எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் அவற்றை ஒன்றுசேர்த்து வெளியிடுவோம்.