இரு சூரியோதயப் பயணம்

வான்பயணக் காலத்தைத் தூரம் மட்டும் நிருணயிப்பதன்று. வேகமும் காற்றும் உடன்நின்று நிருணயிக்கும். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலியை அடுத்த கொக்கலைக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர். 1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, இங்கிலாந்து-அவுஸ்திரேலிய வான்வழி அறுந்தது. அதனை மீள இணைத்தற்பொருட்டு, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தாரின் கற்றலினா நீர்விமானங்கள் இந்து சமுத்திரத்தை இடைநில்லாது கடந்தன. வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றரளவே. ஆதலின் 27 மணி நேரம் சென்றது. எதிர்காற்று வலுப்பின் 33 வரை நீண்டது. எரிபொருட் பாரத்தால் மூன்று பயணிகளுக்கே இடமிருந்தது. (தபாலுக்கு அளித்த மதிப்பு ஆளுக்கு அளித்ததினும் குறைந்ததன்று!) பகைவர் செவிக்கஞ்சி வானொலி மௌனமாக, விண்மீன்களே வழிகாட்டின. பயணிகள் ஒரே பறப்பில் இருமுறை சூரியோதயங் கண்டனர். அதே பேர்த்திலிருந்து 2018இல் தொடங்கிய இடைநில்லாப் பறப்பு, 14,500 கிலோமீற்றரளவு தொலைவிலுள்ள இலண்டனைப் பதினேழு மணி நேரமளவில் அடைந்தது.