குறுகிய மூச்சும் நீடிய சாந்தமும்: சிறு குறைகளுக்குத் திருமறை மொழிகள் வழங்கும் பெயர்கள்

மனிதரின் பெரும் பாதகங்களுக்கு எல்லா மொழிகளிலும் பெயர் உண்டு. கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகிய சொற்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் மொழிபெயர்ப்பாளர் பெரிதும் இடர்ப்படுவதில்லை. இடர்ப்பாடு சிறு குறைகளில்தான் தொடங்குகிறது. முன்கோபம், முணுமுணுப்பு, எளிதில் மனமுடைதல், அடுத்தவர் காரியத்தில் தலையிடுதல், அரைகுறை அறிவைப் பறைசாற்றுதல் ஆகியவை எந்நாட்டு மனிதருக்கும் பொதுவானவையே. ஆயினும் ஒவ்வொரு மொழியும் இவற்றைத் தன் மக்களின் உடல், வீடு, தொழில், கால்நடை ஆகியவற்றினின்று எடுத்த சொற்களாலேயே குறிக்கிறது. அச்சொல்லில் கண்டனம் எவ்வளவு, பரிவு எவ்வளவு, நகைப்பு எவ்வளவு என்பதை அம்மொழியில் பிறந்தவரின் செவி உடனே அறியும். மற்றவர் அதைத் தேடித்தான் அறியவேண்டும்.

நம் மக்களின் பேச்சு இத்துறையில் வளம் மிக்கது. எளிதில் புண்படுபவரைத் 'தொட்டாற்சிணுங்கி' என்று ஒரு செடியின் பெயரால் அழைக்கிறோம். இரகசியம் காக்க இயலாதவர் 'ஓட்டைவாய்'. பதற்றத்தில் காரியத்தைக் கெடுப்பவர் 'அவசரக்குடுக்கை'. யார் சொல்லுக்கும் இணங்குபவர் 'எடுப்பார் கைப்பிள்ளை'. இச்சொற்களில் கண்டனம் இல்லாமலில்லை. ஆனால் அப்பெயரைப் பெற்றவர் மறுநாள் அதே திண்ணையில் வந்து அமருவதற்குத் தடையுமில்லை. நம்முடைய பிரசங்கத் தமிழிலோ இத்தகைய நடுத்தரச் சொற்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அங்கே மனிதர் நீதிமானாக இருக்கவேண்டும், அல்லது துன்மார்க்கனாக இருக்கவேண்டும். திருமறையும் இப்படித்தான் பேசுகிறது என்று எண்ணுவோர், மூலமொழிகளைச் சற்றுக் கூர்ந்து நோக்குவது நலம்.

எபிரேயம் குணங்களை உடலின் உறுப்புகளில் வைத்துப் பேசும் மொழி. பிடிவாதக்காரரை அது 'கெஷே ஓரெஃப்', அதாவது பிடரி கடினப்பட்டவர் என்கிறது. நுகத்திற்குக் கழுத்தைத் தாழ்த்த மறுக்கும் மாட்டைக் கண்டு பழகியவர்களின் சொல் இது. பிடிவாதத்தைச் சிறு குறை என்று சொல்ல இயலாதுதான். ஆயினும் தமிழில் இச்சொல் அடைந்த நிலையை இங்குக் குறிப்பிடாமல் செல்லவும் இயலவில்லை. நம் திருப்புதலில் அது 'வணங்காக் கழுத்து' என்றாயிற்று. சொல்லுக்குச் சொல் பொருந்திய நல்ல மொழிபெயர்ப்பே. ஆனால் தமிழருக்கு 'வணங்காமுடி' என்பது புகழ்ச்சி. எவர்க்கும் தலைவணங்காத வேந்தனுக்குரிய பட்டம். 1957இல் வந்த ஒரு திரைப்படத்திற்கே அது பெயராயிற்று. எபிரேயருக்கு மாட்டை நினைவூட்டிய அதே உடலசைவு தமிழருக்கு மன்னனை நினைவூட்டுகிறது. ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தாரை நோக்கி இச்சொல்லால் கடிந்துகொண்ட பகுதியை வாசிக்கும் புதிய விசுவாசி ஒருவர், அதை எந்த நிழலில் கேட்கிறார் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

கோபத்தின் இருப்பிடம் எபிரேயருக்கு மூக்கு. 'அஃப்' என்னும் ஒரே சொல் மூக்கையும் கோபத்தையும் குறிக்கும். கோபங்கொண்டவரின் மூச்சு சூடேறி நாசித்துளைகள் விரிவதைக் கண்டவர்கள் இச்சொல்லை வழங்கினர் போலும். நாமும் எளிதில் சினப்பவரைப்பற்றி 'மூக்குக்கு மேலே கோபம்' என்கிறோம். இவ்விடத்தில் இரு மொழிகளும் அண்டை வீட்டாரே. எளிதில் சினவாதவர் எபிரேயத்தில் 'எரெக் அப்பாயிம்', நாசி நீண்டவர். முன்கோபியோ 'கெட்சர் அப்பாயிம்', நாசி குறுகியவர். ஒருவருக்கு மூச்சு உள்ளே சென்று வெளிவர நெடுநேரம் ஆகிறது. மற்றவருக்கு உடனே வெளிவந்துவிடுகிறது. தமிழ் இவ்வேறுபாட்டை நீளத்தால் அளப்பதில்லை. 'முன்கோபம்' என்பது காலத்தால் அளந்த சொல். சிந்தனை வருமுன்னே கோபம் வந்துவிட்டது என்பது அதன் கருத்து. 'பொறுமை' என்பதோ பொறுத்தல், அதாவது சுமத்தல் என்னும் வினையினின்று வந்தது. அப்படியிருந்தும் நம் திருப்புதலைச் செய்தவர்கள் 'எரெக் அப்பாயிம்' வருமிடத்தில் 'பொறுமை' என்று முடித்துவிடாமல் 'நீடிய சாந்தம்' என்று வைத்தனர். மூக்கை விட்டார்கள், நீளத்தை விடவில்லை. இது சிறந்த தெரிவு என்பது நம் கருத்து. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

மூக்கைப் போலவே 'ரூவாக்' என்னும் மூச்சும், அதாவது ஆவியும், எபிரேயத்தில் குறுகக்கூடியது. நீதிமொழிகள் 14:29இல் நாசி நீண்டவருக்கு எதிராக நிறுத்தப்படுபவர் ஆவி குறுகியவர். நம் வேதம் அவரை 'முற்கோபி' என்கிறது. இதே தொடர் யாத்திராகமம் 6:9இலும் வருகிறது. விடுதலையின் வாக்குறுதியோடு மோசே வந்தபோது இஸ்ரவேல் மக்கள் செவிகொடாமற்போனதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று கொடுமையான வேலை, மற்றொன்று ஆவியின் குறுக்கம். இங்கே யாரும் கோபப்படவில்லை. செங்கல் அறுத்து ஓய்ந்தவர்களுக்கு நற்செய்தியைக் கேட்கவும் மூச்சில்லை. ஆகவே தமிழில் இது 'மனமடிவு' ஆயிற்று. செவிகொடாத அம்மக்களைக் கர்த்தர் கடிந்துகொண்டதாக அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவர் மோசேயைப் பார்வோனிடம் அனுப்புகிறார் என்றே வாசிக்கிறோம்.

எபிரேயம் ஒன்றாகக் கண்டதைத் தமிழ் இரண்டாகப் பிரித்திருக்கிறது. தமிழில் முற்கோபி ஒருவர், மனமடிந்தவர் வேறொருவர். எபிரேயச் செவிக்கோ இருவரும் மூச்சுக் குறுகியவர்களே. சினத்தால் வெடிப்பவரும் சோர்ந்து விழுபவரும் ஒரே குறையின் இரண்டு தோற்றங்கள் என்று அம்மொழி சொல்லாமற் சொல்கிறது. சபைச் சந்திப்பில் நாள்தோறும் ஈடுபடுவோர் இதை எளிதில் ஒப்புக்கொள்வர். வீட்டில் எரிந்துவிழுகிறார் என்று புகார் கூறப்படும் குடும்பத் தலைவரிடம் சிறிது நேரம் அமர்ந்து பேசினால், பல வேளைகளில் கோபத்தைவிடக் களைப்பே மிகுதியாக இருப்பதைக் காண்கிறோம்.

கண்ணைப்பற்றி ஒரு சொல். 'நல்ல கண்' உடையவர் எபிரேயத்தில் ஈகைக்குணமுடையவர். 'தீய கண்' உடையவர் கைகுறுகியவர், பிறருக்குக் கிடைப்பதைப் பொறாதவர். பழைய திருப்புதல் நீதிமொழிகளில் 'கருணைக்கண்ணன்', 'வன்கண்ணன்' என்று இரண்டையும் காத்தது. திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையிலும் வன்கண்ணனே வருகிறான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அவ்வுவமையில் கண் மறைந்து 'பொறாமை' வந்தது. பொருள் தெளிவாயிற்று, பிறர் கூலியை ஓரக்கண்ணால் பார்த்து நிற்கும் அந்த வேலையாளின் முகம் மறைந்துபோயிற்று.

கிரேக்க மொழிக்கு வருவோமாயின் வேறோர் உலகம். கிரேக்கர் உறுப்புகளைவிட மனிதர்களையே வகைப்படுத்துவதில் விருப்பமுடையவர்கள். அரிஸ்டாட்டிலின் மாணவரும் அவருக்குப்பின் அவர் பள்ளியின் தலைவருமான தியோபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டில் 'குணவகைகள்' என்னும் சிறு நூலில் முப்பது வகை மனிதரைத் தீட்டினார். அவர்களுள் கொலைஞர் இல்லை. அலப்புபவர், கஞ்சர், தற்பெருமைக்காரர், எப்போதும் குறைகூறுபவர் ஆகியோரே உள்ளனர். புதிய ஏற்பாட்டு மாணவர் இந்நூலைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். நிருபங்களில் ஒருமுறையோ இருமுறையோ வரும் சில அரிய சொற்கள் இங்கே உயிரோடு நடமாடுகின்றன.

யூதாவின் நிருபம் 16ஆம் வசனத்தில் 'கொங்குஸ்தாய்', 'மெம்ப்சிமொய்ரொய்' என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதற்சொல் ஒலிக்குறிப்பால் அமைந்தது. தமிழிலும் 'முறுமுறுக்கிறவர்கள்' என்று ஒலிக்கு ஒலியே ஈடாயிற்று. இதைவிடச் செம்மையாக மொழிபெயர்ப்பதற்கில்லை. இரண்டாவது சொல் 'முறையிடுகிறவர்கள்' என்றாயிற்று. இங்கேதான் நமக்கு மனநிறைவு இல்லை. தியோபிராஸ்டஸ் காட்டும் 'மெம்ப்சிமொய்ரோஸ்' மழை பெய்தால், அது முன்னமே பெய்யவில்லையே என்று நோவான். வழியில் பணப்பை கிடைத்தால், ஒருநாளும் புதையல் அகப்பட்டதில்லையே என்பான். மகன் பிறந்தான் என்று சொன்னால், சொத்தில் பாதி போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல் என்பான். தனக்கு வாய்த்த பங்கைப் பழிப்பவன் என்பதே சொல்லின் பொருள். தமிழில் முறையிடுதல் அப்படிப்பட்டதன்று. அது நீதி கேட்டு அரசன் வாயிலில் நிற்பது. எகிப்தின் அடிமைத்தனத்தில் இஸ்ரவேலர் முறையிட்டார்கள் என்றே நம் வேதமும் கூறுகிறது. அச்சத்தம் தேவசந்நிதியில் எட்டியது. கூலி கிடைக்காத தொழிலாளியின் குரலுக்கும், கிடைத்த பணப்பையைக் கண்டு முகஞ்சுளிப்பவனின் குரலுக்கும் ஒரே வினைச்சொல் நிற்குமாயின், முதலாமவரை அடக்குவதற்கு இரண்டாமவருக்குரிய வசனம் எடுத்துக்காட்டப்படும். அவ்வாறு காட்டப்படுவதும் உண்டு.

அடுத்தவர் காரியங்களில் தலையிடுவோருக்குக் கிரேக்கத்தில் 'பெரியெர்கோஸ்' என்று பெயர். வேலையைச் சுற்றிச்சுற்றி வருபவர் என்று கொள்ளலாம். தியோபிராஸ்டஸ் காட்டும் இவ்வகை மனிதர் தீயவரல்லர். வழிகாட்டுகிறேன் என்று முன்னே நடந்து வழிதவறிப்போவார். மருத்துவர் விலக்கிய திராட்சரசத்தை நோயாளிக்குக் கொடுத்து, குணமாகிறதா பார்ப்போம் என்பார். பவுலடியார் 2 தெசலோனிக்கேயர் 3:11இல் 'எர்கட்சோமெனூஸ்', 'பெரியெர்கட்சோமெனூஸ்' என்னும் இரு சொற்களை ஒலிநயத்தோடு எதிரெதிரே நிறுத்துகிறார்; வேலை செய்வோரல்லர், வேலையைச் சுற்றுவோர் என்பது கருத்து. கடிதம் வாசிக்கப்பட்ட இடத்தில் சிலர் புன்னகைத்திருக்கக்கூடும். 'வீண் அலுவற்காரர்' என்னும் தமிழ்ச்சொல்லில் அப்புன்னகையின் சாயல் சிறிது தங்கியிருக்கிறது. 1 பேதுரு 4:15இல் வரும் 'அல்லொத்ரி எபிஸ்கொபோஸ்' இன்னும் கூர்மையானது: பிறர் உடைமைக்குக் கண்காணி. கண்காணியானவனுக்குரிய இலக்கணத்தை 1 தீமோத்தேயு நிருபத்தில் கற்கும் குருத்துவ மாணவர், அதே 'எபிஸ்கொபோஸ்' கொலைபாதகனும் திருடனும் நிற்கும் வரிசையின் ஈற்றில் வந்து நிற்பதைப் பார்த்துவைப்பது நல்லது.

அத்தேனே பட்டணத்து ஞானிகள் பவுலைப் 'ஸ்பெர்மொலொகோஸ்' என்றனர். தெருவில் சிதறிய விதைகளைப் பொறுக்கும் பறவையின் பெயர் அது; அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டதைத் தன் அறிவாகக் காட்டுபவரை அவ்வாறு இகழ்ந்தனர். தமிழ் வேதத்தில் இது 'வாயாடி'. வாயாடியின் குறை மிகுதியாகப் பேசுவது. இவர்கள் சுமத்திய குறையோ ஆழமின்மை. தமிழில் இதற்கு நிகராக 'நுனிப்புல் மேய்தல்' என்றொரு தொடர் இருக்கிறது. அங்கே பறவை, இங்கே மாடு; மேய்ச்சல் ஒன்றே.

இனி 1 தெசலோனிக்கேயர் 5:14. சிறு குறைகளைப்பற்றிய திருமறையின் மொழியை ஒரே வசனத்தில் காணவேண்டுமாயின் இதுவே அவ்வசனம். மூன்று வகையினர், மூன்று வினைகள்: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுதல், திடனற்றவர்களைத் தேற்றுதல், பலவீனரைத் தாங்குதல். ஒழுங்கில்லாதவர் எனப்படும் 'அதக்தொய்' படைவரிசை தவறியவர்கள். கி.பி. 66ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்திய நாணற்சுவடி ஒன்றில், மகனை நெசவுத்தொழில் பயில விடும் தந்தை, அவன் வேலைக்கு வராத நாட்களுக்கு ஈடாகப் பின்னர் அத்தனை நாட்கள் அவனை அனுப்புவதாக அல்லது நாளொன்றுக்கு ஒரு வெள்ளித் திராக்மா செலுத்துவதாக உடன்படுகிறார். வேலைக்கு வராமையைக் குறிக்க அங்கே நிற்பது இச்சொல்லின் வினைவடிவமே. 1908இல் இந்நிருபங்களுக்கு வியாக்கியானம் வெளியிட்ட ஜார்ஜ் மில்லிகன் இதை எடுத்துக்காட்டினார். கலகக்காரர் என்று நாம் அஞ்சியவர் வேலைக்கு மட்டம் போடும் பையனாக இருக்கக்கூடும்.

திடனற்றவர் எனப்படும் 'ஒலிகோப்சுகொய்', சிறுத்த உயிருடையோர். புதிய ஏற்பாட்டில் இச்சொல் இவ்விடத்தில் மட்டுமே வருகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் இதற்கு இட்ட சொல் அன்று மனம் தளர்ந்தவர் என்றே பொருள்பட்டது. காலப்போக்கில் அச்சொல்லே அறிவு வளர்ச்சி குன்றியோரைக் குறிக்கலாயிற்று. 1913இல் பிரித்தானியச் சட்டமொன்று அதைச் சட்டச்சொல்லாகவே ஏற்றது. 1881இல் வெளியான திருத்திய ஆங்கிலத் திருப்புதல் அதை மாற்றியிருந்தும், பழைய நூலையே பற்றி நின்றவர் பலர். தேற்றப்படவேண்டியவர்கள் இவ்வாறு அறிவில் குறைந்தவர்களாக வாசிக்கப்பட்டனர். தமிழர் இத்துன்பத்தினின்று தப்பினோம். 'திடனற்றவர்' என்பது இன்றும் மாசுபடாத சொல்.

எழுபதின்மரின் கிரேக்கத் திருப்புதலைத் திறப்போமாயின், யாத்திராகமம் 6:9இன் ஆவிக்குறுக்கம் 'ஒலிகோப்சுகியா' என்றே பெயர்க்கப்பட்டிருக்கிறது. நீதிமொழிகள் 14:29இலோ 'மக்ரோதுமோஸ்', 'ஒலிகோப்சுகோஸ்' என்னும் இருவரும், நீண்டவரும் குறுகியவரும், ஒரே வசனத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். பவுலடியார் அவ்விரு சொற்களையும் மீண்டும் ஒரே வசனத்தில் சேர்த்துவைக்கிறார். ஆனால் எதிரெதிராக அல்ல. குறுகியவரைத் தேற்றுங்கள் என்று சொல்லி, எல்லாரிடத்திலும் 'மக்ரோதுமெய்தே', நீண்டவராயிருங்கள் என்று முடிக்கிறார். நீதிமொழிகளில் மதிகேட்டோடு சேர்த்து எண்ணப்பட்டவர், இங்கே பிறருடைய நீண்ட மூச்சுக்கு உரியவராகிறார்.

நம் தமிழ் வசனத்தில் 'நீடிய' இருக்கிறது. அதற்கு ஈடான குறுக்கம் 'திடனற்ற' என்பதில் இல்லை. ஆகவே இவ்விணை நம் வாசகர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'குறுகிய மனமுடையோர்' என்று மாற்றலாமே எனின், தமிழில் அது தாராளமின்மையைக் குறிக்கும். 'சிறுமனம்' என்பதும் அப்படியே. 'மூச்சடங்கியோர்' என்றால் அடக்க ஆராதனைக்கு ஆயத்தமாகிவிடுவர். 'திடனற்றவர்' என்பதை அப்படியே விட்டு, ஓரக்குறிப்பில் யாத்திராகமம் 6:9ஐயும் நீதிமொழிகள் 14:29ஐயும் காட்டி, 'மூலத்தில்: உயிர் சிறுத்தோர்' என்று சேர்ப்பதே இப்போதைக்கு இயலக்கூடியதாகத் தோன்றுகிறது.