பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!



பிறந்த ஊரை விட்டுப் பெரிய நகரமொன்றில் குடியேறிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். கணவரின் தொழில், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் ஒருவரின் வைத்தியம் என்று ஏதோ ஒன்று நம்மைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் விடுகிறது. என்னைப் புல்மோட்டையிலிருந்து கொழும்புக்குக் கொண்டுவந்தது பிள்ளைகளின் படிப்பு.

புல்மோட்டை, திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் கடலோரம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொக்கிளாய்க் களப்பு. எங்கள் கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் ஒன்றாகக் கலந்தே கிடக்கின்றன. தொழிற்சாலையில்தான் அவற்றை வேறு வேறாகப் பிரித்தெடுக்கிறார்கள்.

மணல் கலந்து கிடந்தது. மனிதர்கள் பிரிந்து கிடந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் தென்னமரவடி, தமிழ் மக்களின் ஊர். மேற்கே பதவி ஸ்ரீபுர, சிங்கள மக்களின் ஊர். தென்னமரவடி மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகே திரும்பி வரத் தொடங்கினார்கள். அந்த இரு ஊர்களிலும் ஒரு வீட்டுக்குள்ளேனும் நான் காலடி வைத்ததில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன கறி வேகிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த ஊர்ப் பெண்ணின் பெயர் தெரியாது!

ஒரே தெருவில் ஓர் உலகம்

கொழும்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது கொம்பனித்தெருவில். 1786ஆம் ஆண்டைச் சேர்ந்த வேகந்தைப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில். இன்னும் கொஞ்சம் நடந்தால் கத்தோலிக்கத் தேவாலயம். அதற்கப்பால் கங்காராம விகாரை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொழும்பு மாநகரில் சிங்களவர் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர், இலங்கைத் தமிழர் 29 பேர், சோனகர் 24 பேர். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. அப்படியென்றால் என்ன? ஒவ்வொருவருக்கும் மற்றவர் தேவை!

நான் முதலில் வியந்தது நம்மவர்களைப் பார்த்துத்தான். முஸ்லிம் என்றால் தமிழ் பேசுபவர் என்றே நினைத்திருந்தேன். மேல் வீட்டு மலாய் ராத்தா தன் பிள்ளைகளை மலாய் மொழியில் அதட்டினார். கடைவீதியில் போராக்களையும் மேமன்களையும் கண்டேன். உடை வேறு, உணவு வேறு, வீட்டு மொழி வேறு, கிப்லா ஒன்று.

அடுத்தது மொழி. முப்பது வயதில் சிங்களம் படிக்கத் தொடங்கினேன். நாம் பெரியவர்களை மரியாதையாக 'ஐயா' என்போம். சிங்களத்தில் 'அய்யா' என்றால் நானா! வைத்தியசாலை வரிசையில் தள்ளாத வயதுப் பெரியவர் ஒருவரை நான் 'அய்யா' என்று கூப்பிட, வரிசையே சிரித்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன். ஆனால் சிரித்தவர்களில் ஒரு பெண்தான் என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்து, சரியான அறைக்குக் கூட்டிப் போனார். பிழையாகப் பேசினாலும் பேசுகிறவளுக்கு நகரம் வழி காட்டுகிறது. பேசாமல் நிற்பவள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பேர வாவியின் நடுவே சீமா மாலக என்ற பௌத்தத் தியான மண்டபம் இருக்கிறது. பழைய கட்டடம் நீரில் அமிழ்ந்துபோக, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1976இல் அதைப் புதிதாக வடிவமைத்தார். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? எஸ்.எச். மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவருடைய மனைவியும், தங்கள் மகனின் நினைவாக!

நகரம் அழுத நாட்கள்

எல்லாம் இனிப்பு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்ததும் இதே கொழும்பில்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்ததும் இதே கொழும்பில்தான். அன்று நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடைக்குப் போகிறவர். குண்டு வெடித்த பிறகு அவர் வீட்டுக் கதவு மூடியே இருந்தது. என் வீட்டுக் கதவும்தான். முகத்தை மூடத் தடை வந்தது. அபாயாவோடு தெருவில் இறங்கவே பயந்தோம். 'அவர் நம்மை வெறுக்கிறார்' என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரங்கள் இப்படியே கழிந்தன.

ஒரு மாலை, மனம் பொறுக்காமல் போய்த் தட்டினேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் அழுதார். பிறகு கோபமாகக் கேட்டார்: "ஏன் இத்தனை நாள் வரவில்லை? எங்கள் வீட்டுத் துக்கத்தை விசாரிக்க உனக்குத் தோன்றவில்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் பயத்தையே பெரிதாக எண்ணியிருந்தேன். அவருடைய துக்கத்தை நினைக்கவில்லை. என் மௌனம் அவருக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. அவருடைய மௌனம் எனக்கு வெறுப்பாகத் தெரிந்திருக்கிறது. நடுவில் இருந்தது ஒரு மரக் கதவு மட்டுமே!

அடுத்த சோதனை நமக்கு வந்தது. 2020இல் கொரோனாவில் மரணித்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். ஜனாஸாவை அடக்க முடியாத வேதனை எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த டிசம்பரில் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் வந்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2022 ரமழானில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் நம்மவர்கள் நோன்பு திறந்தபோதும் பல மதத்தவர்கள் கூட இருந்தார்கள்.

ஊருக்கு எதைக் கொண்டு போகிறோம்?

மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. மதீனாவில் அபிசீனியாவின் பிலாலும் பாரசீகத்தின் ஸல்மானும் மக்காவிலிருந்து சென்ற முஹாஜிர்களும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள். அந்நகரில் யூதக் கோத்திரங்களும் வாழ்ந்தன. பல மக்கள் கூடி வாழும் நகரம் நம் வரலாற்றுக்குப் புதியதல்ல.

சகோதரிகளே, பெருநாளைக்கு ஊர் போகும்போது புறக்கோட்டையில் துணிமணி வாங்கிப் பை நிறைத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குச் சிங்களம் படிக்க வழி செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன மதத்தவரானாலும் அவர் வீட்டு மரணத்துக்கும் நோய்க்கும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

போன முறை ஊருக்குப் போனபோது, கடையில் தென்னமரவடிப் பெண் ஒருவரைக் கண்டேன். பெயர் கேட்டேன், சொன்னார். என் பெயரையும் கேட்டார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போவேன், இன்ஷா அல்லாஹ்.

நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?