கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய பத்தொன்பது பேர் கொண்ட குழு அது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில் முழங்கின. இட ஒதுக்கீடும் சாதிக் கொடுமையும் பாட்டாக வந்தன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திறந்த வெளியில் கூடிக் கேட்டார்கள். பாடிய அறிவு, இசைவாணி போன்றவர்களை நாடே அறிந்துகொண்டது. இத்தகைய மேடைகளுக்குப் பின்னால் கேபிள் இழுப்பவர்களையும் மிக்சர் முன்னால் நிற்பவர்களையும் அவர்கள் செய்யும் வேலையையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உரிமை பேசும் கச்சேரிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காதல் பாட்டில் நாலு சொல் காதில் விழாவிட்டாலும் மெட்டு காப்பாற்றிவிடும். இங்கே சொல் போனால் பாட்டே போய்விடும். சொல்லைச் சொல்லாக்குவது பெரும்பாலும் மெய்யெழுத்துகளின் ஓசை. க, ச, ட, த, ப எல்லாம் ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே நீடிப்பவை. உயிரெழுத்தைவிடச் சத்தமும் குறைவு. எதிரொலியோ, பேஸ் முழக்கமோ, கூட்டத்தின் கூச்சலோ முதலில் விழுங்குவது இவற்றைத்தான்.

கூம்பிலிருந்து வரிசைக்கு

பெருங்கூட்டத்துக்குக் குரலைக் கொண்டுபோகும் கருவிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1915-ல் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் முழங்கவிட்டார்கள். அதன் வாரிசுதான் நம் ஊர்த் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கூம்பு ஸ்பீக்கர். மனிதக் குரலின் நடுப்பகுதியை மட்டும் பிடித்து வெகுதூரம் தள்ளுவதில் கூம்புக்கு நிகரில்லை. ஆனால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அதில் எடுபடாது.

அடுத்து வந்தது மேடையின் இரு பக்கமும் பெட்டி பெட்டியாக அடுக்கும் முறை. அதில் வேறு தொல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் 100 டெசிபல் என்றால், 20 மீட்டரில் 94, 40 மீட்டரில் 88, 80 மீட்டரில் 82. பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று கூட்டினால் முன்வரிசைக்காரருக்குக் காது கிழியும். ஆம்ப்ளிஃபயரின் வாட் அளவை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். எனவே காசை மட்டும் கொட்டி இதைத் தீர்க்க முடியாது.

பிரான்ஸைச் சேர்ந்த இயற்பியலாளர் கிறிஸ்டியன் ஹெய்ல் 1992-ல் கொண்டுவந்த வி-டாஸ்க் என்ற ஸ்பீக்கர் அமைப்பு இதற்கு வழி காட்டியது. இன்று பெரிய கச்சேரிகளில் வாழைத்தார் போல வளைந்து தொங்கும் ‘லைன் அர்ரே’ அந்த வழியில் வந்ததுதான். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த பெட்டிகள் ஒரே நீளமான ஒலிக்கோடுபோல வேலை செய்கின்றன. மேலும் கீழும் சிதறாமல், ஒலி பக்கவாட்டில் மட்டும் விரிகிறது. ஆகவே குறிப்பிட்ட தூரம் வரை, தூரம் இரட்டிப்பாகும்போது இழப்பு 6-க்குப் பதில் ஏறக்குறைய 3 டெசிபல். மேல் பெட்டிகள் தொலைவை நோக்கியும் கீழ்ப்பெட்டிகள் முன்வரிசையை நோக்கியும் இருக்கும்படி ஒவ்வொரு பெட்டிக்கும் கோணம் கணக்கிட்டு வைப்பார்கள். ஒரு பாகை தவறினாலும் நடுவில் ஒரு பகுதிக்கு ‘ச’வும் ‘த’வும் கேட்காமல் போகும்.

கால் நொடிக்கும் குறைவான கணக்கு

கூட்டம் நீண்டுகொண்டே போனால் நடுவில் கோபுரம் போட்டு இன்னொரு செட் ஸ்பீக்கர் வைப்பார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்சாரத்தில் பாட்டு கேபிள் வழியே கண்ணிமைக்கும் முன் கோபுரத்துக்குப் போய்விடும். காற்றில் வரும் பாட்டு மெதுவாகத்தான் வரும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். கோபுரம் 70 மீட்டரில் இருந்தால் மேடையின் ஒலி அங்கே வந்துசேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். வேகமாக ராப் பாடுபவர் அதற்குள் அடுத்த அசைக்குப் போயிருப்பார். ஒரே வரி இரண்டு முறை, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கேட்டால் எதுவும் புரியாது.

அதற்காகக் கோபுரத்தின் ஒலியை வேண்டுமென்றே 200 மில்லிநொடி தாமதப்படுத்துவார்கள். அதோடு இன்னும் பத்துப் பதினைந்து மில்லிநொடி சேர்ப்பதும் உண்டு. முதலில் வந்து சேரும் ஒலியின் திசையிலிருந்துதான் எல்லாமே வருவதாக நம் மூளை எடுத்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஆராய்ந்து எழுதினார். அந்தச் சிறு கூடுதல் தாமதத்தால், பக்கத்துக் கோபுரம் சத்தம் போட்டாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே கேட்பவருக்குத் தோன்றும்.

பறைக்கும் மைக்குக்கும் நடுவில்

மேடைக்குப் பின்னால் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். எந்த மைக் எந்த சேனல் என்ற பட்டியல்தான் அன்றைய வேதம். பத்தொன்பது பேர் என்றால் முப்பது நாற்பது சேனல் சாதாரணமாக வந்துவிடும். ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதுவார்கள். பிறகு ‘செக், செக்’ என்று ஒவ்வொரு வாத்தியமாகச் சோதிப்பார்கள்.

பறை வந்தால் வேலை கூடும். தோலைத் தீயில் காய்ச்சினால்தான் சுருதி ஏறும். சோதனையின்போது காய்ச்சிய பறை, மேடை ஏறுவதற்குள் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். அதனால் மறுபடி காய்ச்ச நேரமும், கேபிளும் டீசலும் இல்லாத தனி இடமும் கொடுக்க வேண்டும். இதை நிகழ்ச்சி நிரலில் எழுதிவைக்காத அமைப்பாளர் கச்சேரி நடுவில் தவிப்பார். பறையின் ஓசை பாடகரின் மைக்கிலும் புகுந்து சொல்லை அமுக்கும். பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலியை ஒதுக்கும் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வது அதனால்தான்.

பாடகர் தன் குரலைத் தானே கேட்கக் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பார்கள். அதன் ஒலி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி மானிட்டரில் வந்தால் செட் ‘கூவும்’. எந்த அதிர்வெண்ணில் கூவுகிறது என்று காதாலேயே கண்டு அதை மட்டும் குறைப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அடியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் இருந்தால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். எர்த் இணைப்பைத் தேடிப் போக வேண்டும்.

மலைமேல் ஒரு மேடை

இதே வேலையைக் கல்வராயன்மலை ஒன்றியத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் செய்வதாக வைத்துக்கொள்வோம். பெட்டிகளை லாரியில் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்ற வேண்டும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், அதற்கு மாற்றாக இன்னொன்று. பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவு 100 மீட்டரில் இருந்தால் ஒலி போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். பாடிய வரி தெளிவாகத் திரும்பி வந்து அடுத்த வரியைக் கெடுக்கும். ஆகவே மேடையைச் சரிவுக்கு முதுகு காட்டி அமைப்பது, ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சாய்ப்பது, கூட்டத்தைத் தாண்டி ஒலி போகாமல் பார்ப்பது எல்லாம் முதல் நாளே முடிவாக வேண்டும்.

மாலையில் வெப்பம் 30-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டராகும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்தின் தாமதத்தில் 5 மில்லிநொடி திருத்த வேண்டும். மேலும், இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஒலி வளைந்து கீழே இறங்கும். மூன்று கிராமம் தள்ளித் தூங்குபவருக்கும் கேட்கும்.

இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கட்டாய உழைப்பைக் கண்ட மலையாளிப் பழங்குடி மக்களின் இளம் தலைமுறை இன்று சாலை, பள்ளி, மருத்துவமனை என்று கேட்கிறது. நகரத்து மேடைக்குக் கிடைக்கும் ஒலித்தரம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ‘மலைதானே, நாலு கூம்பு போதும்’ என்று விடுவது, பேசுகிறவரின் பேச்சைப் பாதியில் வெட்டுவதுதான்.

இதில் சட்டமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். காதுக்கும் கணக்கு இருக்கிறது. நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை தந்தது. நாள் முழுதும் ஸ்பீக்கர் அருகே நிற்கும் உதவியாளர்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தருவது அமைப்பாளரின் கடமை.

கச்சேரி நடத்தக் கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குங்கள். சோதனைக்கு முழுதாக மூன்று மணி நேரம் கொடுங்கள். நிகழ்ச்சி தொடங்கியதும் உங்களில் ஒருவர் கடைசி வரிசைக்குப் போய் நின்று, ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேட்டு வந்து மிக்சர்காரரிடம் சொல்லுங்கள். முடிந்ததும் நன்றி சொல்லும் பட்டியலில் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பெயரையும் படியுங்கள்.