ரயில் வந்தால் ஊர் மாறும்

மக்கள் எதில் பயணம் செய்கிறார்களோ, அதற்கேற்பத்தான் ஊரும் வளரும். இதற்குச் சிங்கப்பூரே நல்ல உதாரணம்.

சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிடங்குகள் நெருங்கி நின்றன. ஆற்றைச் சுத்தப்படுத்துவதற்காக 1983ல் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. கிடங்குகள் வெறிச்சோடின, பின்னர் உணவகங்களாயின.

1971ஆம் ஆண்டின் நீண்டகாலத் திட்டம், தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றிப் புதுநகர்களை அமைத்து, அவற்றை ரயிலால் இணைக்க எண்ணியது. பேருந்துகளே போதாதா என்ற விவாதம் நீண்டது. 1982ல் ரயில் என முடிவானது. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது.

காரை நம்பினால் சாலையும் வேண்டும். நிறுத்த இடமும் வேண்டும். நம் நிலத்தில் சுமார் 12 விழுக்காட்டைச் சாலைகள் எடுத்துக்கொள்கின்றன. வீடுகளுக்கோ 14 விழுக்காடுதான். 2018 பிப்ரவரியில் கார்களின் வளர்ச்சி விகிதம் பூஜ்யமாக்கப்பட்டதற்கு இந்த நிலப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ரயில் மட்டும் போதுமா? வீட்டிலிருந்து நிலையம்வரை வெயிலிலும் மழையிலும் ஒரு முதியவரால் நடக்க முடிய வேண்டும். முடியாவிட்டால், வசதியுள்ளவர் காரை நாடுவார். இல்லாதவர் வீட்டிலேயே முடங்குவார். கூரையிட்ட நடைபாதையும் நகரத் திட்டம்தான்.