ஓசூர் எல்லையில் நில அளவருக்காகக் காத்திருக்கும் நிர்வாகச் சீரமைப்பு

அரசுத் துறைகளைப் பிரிப்பதும் இணைப்பதும் அவற்றின் அதிகார எல்லையை மாற்றி வகுப்பதும் நிர்வாகச் சீரமைப்பு எனப்படும். இந்தியாவில் இப்பணி பெரும்பாலும் அதிகாரிகளின் கலந்துரையாடல் கூடங்களிலேயே உருப்பெறுகிறது. 1954இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட இந்தியப் பொது நிர்வாக நிறுவனமும் மாநிலங்களில் உள்ள அதன் கிளைகளும் நடத்தும் அமர்வுகள், 2006 முதல் ஏப்ரல் 21ஆம் நாளில் கொண்டாடப்படும் குடிமைப் பணிகள் நாளையொட்டிய கூட்டங்கள், சென்னையில் முதலமைச்சர் தலைமையில் நடைபெறும் மாவட்ட ஆட்சியர்கள் மாநாடு எனப் பல நிலைகளில் இது பேசப்படுகிறது. 1966இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 537 பரிந்துரைகளை வழங்கியது. 2005இல் அமைந்த இரண்டாவது ஆணையம் தந்த 15 அறிக்கைகளுள் கடைசி அறிக்கை, மாநில, மாவட்ட நிர்வாகத்துக்கென்றே எழுதப்பட்டது. பேச்சுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அந்தப் பேச்சில் யாருடைய குரல் ஒலிக்கிறது என்ற கேள்வி ஓசூரில் கூர்மையாக எழுகிறது.

இந்த மண்ணின் மேல் நிர்வாகக் கோடுகள் பலமுறை மாற்றி வரையப்பட்டுள்ளன. சேலம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1965 அக்டோபர் 2 அன்று உருவான தருமபுரி மாவட்டத்துக்கு வந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் நகராட்சி மாநகராட்சியானது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள இந்த ஊர் மாவட்டத்தின் பொருளாதார மையமாக வளர்ந்தது. ஆட்சியர் அலுவலகமோ ஏறக்குறைய 50 கி.மீ. அப்பால் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. போக்குவரத்துத் துறை மட்டும் இந்த இருமையைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டு, கிருஷ்ணகிரி வண்டிகளுக்கு 24, ஓசூர் வண்டிகளுக்கு 70 எனத் தனித்தனிப் பதிவெண் வைத்துள்ளது. வருவாய், கல்வி, சுகாதாரம் ஆகிய துறைகள் தத்தம் தேவைக்கேற்ப வெவ்வேறு வட்டங்களையும் மாவட்டங்களையும் வகுத்துக்கொள்வது தமிழகம் எங்கும் உள்ள வழக்கம் ஆதலால், ஒரே தெருவில் குடியிருப்பவருக்கு ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வோர் எல்லை வாய்க்கிறது.

கோடுகளை மாற்றுவதால் வேலை எளிதாகிறதா என்பதைக் காண உட்பிரிவுப் பட்டா மாறுதல் ஒன்றே போதும். ஒரு புல எண்ணில் அடங்கிய நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர், அந்தப் பகுதிக்குத் தனி எண்ணும் தனிப் பட்டாவும் பெறும் நடைமுறையே அது. விண்ணப்பம் இணையவழியில் நொடியில் பதிவாகிவிடுகிறது. அதன்பின் நில அளவர் நேரில் வந்து, புலப்படத்தில் குறித்துள்ள எல்லைக் கற்களைத் தேடிக் கண்டு, புதரில் மறைந்த கல்லையும் சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்பட்ட கல்லையும் பக்கத்துப் புலங்களிலிருந்து அளந்து உறுதிசெய்து, அண்டை நிலத்தார் முன்னிலையில் உட்பிரிவு வரைபடம் தயாரித்தால்தான் வட்டாட்சியர் ஆணையிட முடியும். தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகிய ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டங்களில் புலங்கள் துண்டு துண்டாகப் பிரிகின்றன. அளப்பவர் அதே வேகத்தில் பெருகவில்லை. அவர் வட்டாட்சியர் அலுவலகக் கூரையின்கீழ் அமர்ந்திருந்தாலும், நில அளவை, நிலவரித் திட்டத் துறை என்னும் வேறு துறையின் ஊழியர். இடமாற்றமும் பதவி உயர்வும் அங்கிருந்தே வருகின்றன. அந்த இரு துறைகளின் இடைவெளியில் கோப்பு நின்றுவிட்டால் அதை நகர்த்தும் பொறுப்பு யாருடையது என்பதே சீரமைப்பின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நிலத்தை அளப்பதிலிருந்து நிர்வாகத்தைக் கட்டியெழுப்பிய முன்னோடி மண்ணும் இம்மாவட்டத்திலேயே உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய பாராமகால் பகுதியில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்த முறையிலிருந்தே, இடைத்தரகரின்றி உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வளர்ந்தது. அயலார் ஆட்சியின் வருவாய்ப் பசி அதன் பின்னால் இருந்தது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆயினும் களத்தில் நின்று அளந்த பிறகே அவர்கள் அமைப்பை வகுத்தனர். 1980 நவம்பரில் வந்த அவசரச் சட்டமோ மேலிருந்து தொடங்கிய மாற்றம். ஒருகாலத்தில் பரம்பரையாகக் கைமாறி வந்த மணியம், கர்ணம் பதவிகள் 20,000க்கும் மேல் ஒரே வீச்சில் ஒழிக்கப்பட்டு, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சமூக நீதி நோக்கில் அது பெரும் பாய்ச்சல். பதவியில் அமர்பவர் மாறினார். கிராமக் கணக்குகளின் அமைப்போ ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

ஓசூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக ஒலிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18.8 லட்சம் மக்கள் வாழும் மாவட்டத்தில் இன்னோர் ஆட்சியர் அலுவலகம் மக்களை அரசுக்கு நெருக்கமாக்கும் என்பார் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் புதிய மாவட்டம் என்றால் புதிய கட்டடமும் உயர் பணியிடங்களும் முதலில் வருகின்றன. நில அளவர், வருவாய் ஆய்வாளர் நிலையில் இருப்பவர்கள் பழைய எண்ணிக்கையிலேயே பங்கிடப்படும் வாய்ப்பு மிகுதி. அந்த அச்சத்தைத் தீர்க்காமல் கோடு வரைவது பலன் தராது.

துறைகளின் இடைவெளியில் பொறுப்பு சிதறும் குறை, மாநில எல்லையைத் தாண்டும் சிக்கல்களில் மேலும் பெரிதாகிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தின் நகர்ப்புறக் கழிவுநீரையும் சுமந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, மதகு திறக்கும்போது வெண்ணுரையாய்ப் பொங்குகிறது. அணை ஒரு துறையிடம், நீரின் தரம் வேறொரு துறையிடம், பாசனப் பயிர் மூன்றாவது துறையிடம், மாசின் தோற்றுவாய் அண்டை மாநிலத்திடம். மாநிலங்கள் கலந்து பேச 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை அமைத்தது. தென்மண்டலக் குழுவின் 30ஆவது கூட்டம் 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது, அதாவது 66 ஆண்டுகளில் 30 கூட்டங்கள். தேர்தல் நேரத்தில் பணமும் மதுவும் எல்லை தாண்டாமல் தடுக்க இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசுகின்றனர். கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்து அதிகாரிகளும் ஓசூர் பக்கத்து அதிகாரிகளும் நீருக்காகவும் அவ்வாறே தவறாமல் கூடுவது ஒன்றும் அரிய செயலல்ல.

வேலையிலிருந்து தொடங்கிய மாற்றம் பலித்ததற்கு இந்த எல்லையிலேயே சான்று உண்டு: 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து, வணிக வரிச் சோதனைச் சாவடியின் தேவை அற்றுப்போனதும், சரக்குந்துகள் வரிச் சோதனைக்காக எல்லையில் நிற்பது முடிவுக்கு வந்தது. அடுத்த சீரமைப்புக் கலந்துரையாடலை எந்த அமைப்பு நடத்தினாலும், ஓசூர் வட்டத்தில் முடியாமல் நிற்கும் உட்பிரிவுக் கோப்பு ஒன்றை முழுமையாக எடுத்துக்கொண்டு, அதைக் கையாண்ட நில அளவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் மேடைக்கு அழைத்து, எந்த மேசையில் எத்தனை நாள், எந்த விதியால், யாருடைய கையொப்பத்துக்காக நின்றது என்பதை அவர்கள் வாயாலேயே உயர் அதிகாரிகள் கேட்டறிய வேண்டும். புதிய பணியிடங்களுக்கான கருத்துரு அதன் பிறகே எழுதப்பட வேண்டும்.