ரத்தச் சோதனை முடிவு தீர்ப்பு அல்ல!

கிள்ளான், மேருவில் வாழும் ஓர் இளம் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். மனைவிக்கு மூன்று மாதக் கர்ப்பம். தனியார் கிளினிக்கில் அவரின் ரத்தத்தைச் சோதித்ததில், 'குழந்தைக்கு எக்ஸ் எக்ஸ் ஒய் இருக்க வாய்ப்பு அதிகம்' என்று முடிவு வருகிறது. வீட்டில் முதலில் எழும் கேள்வி என்ன? "இது யார் பக்கத்துக் குறை?" என்பதுதான். கிரகணத்தில் வெளியே போனதால் வந்த வினை என்று பழி தாயின் தலையில் விழும்.

உண்மை வேறு. ஆண் குழந்தைக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று எனப் பாலினக் குரோமோசோம்கள் இரண்டு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழையால் ஓர் எக்ஸ் கூடிவிடுகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தந்தை வழி வந்ததே! 1942-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் கிளைன்ஃபெல்டரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு.

அந்த ரத்தச் சோதனை குழந்தையை நேரடியாகப் பார்ப்பதில்லை. தாயின் ரத்தத்தில் கலந்துள்ள, நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளையே பார்க்கிறது. பிழை நஞ்சுக்கொடியில் மட்டும் இருந்து, குழந்தை நலமாக இருப்பதும் உண்டு. உறுதிசெய்ய 15 வாரத்திற்குப் பின் பனிக்குட நீரைச் சோதிக்க வேண்டும். அதில் சிறிதளவு கருச்சிதைவு ஆபத்து உள்ளதால், இப்போதே செய்வதா, பிறந்தபின் குழந்தையின் ரத்தத்தைச் சோதிப்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம்.

உறுதியானால்? பேச்சிலும் படிப்பிலும் சற்றுத் தாமதம் வரலாம், பயிற்சி உதவும். பருவ வயதில் ஹார்மோன் சிகிச்சை உண்டு. பெரும்பாலோருக்கு இயற்கையாகப் பிள்ளைப்பேறு வாய்ப்பதில்லை. சிலருக்கு நவீன சிகிச்சை கைகொடுக்கிறது. தமக்கு இப்படி இருப்பதே தெரியாமல், வேலை, குடும்பம் என்று வாழ்பவர்கள் ஏராளம்.

"கலைத்துவிடலாமா?" என்று கேட்போரும் உண்டு. 1989-இல் திருத்தப்பட்ட மலேசியக் குற்றவியல் சட்டம் 312-ஆவது பிரிவின்படி, கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்திற்கோ ஏற்படும் ஆபத்து, கலைப்பதால் வரும் ஆபத்தைவிட அதிகம் என்று பதிவு பெற்ற மருத்துவர் கருதினால் மட்டுமே அதற்கு இடமுண்டு. குழந்தையின் குறை மட்டுமே சட்டக் காரணம் ஆகாது.

ஆகவே, அவசர முடிவு வேண்டாம். மருத்துவரிடம் கடிதம் பெற்று, கோலாலம்பூர் மருத்துவமனையிலோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ மரபியல் நிபுணரைச் சந்தியுங்கள். கணவரும் உடன் செல்லட்டும். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் காக்கும்.